சோரியாசிஸுக்குக் கொடுத்த களிம்பு வைட்டமின் டி-தானே, தாராளமாகத் தடவலாமா?

அம்மாவுக்கு 64 வயது, முழங்கையிலும் காலிலும் சோரியாசிஸ், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) வைட்டமின் டி களிம்பு கொடுத்தார்கள், வைட்டமின்தானே, தாராளமாகத் தடவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வேண்டாம். இதே சிங்கப்பூரில் பதினொரு வருடமாக இதே நோயோடு இருக்கிறேன். அந்த 'தானே' என்னையும் ஏமாற்றியது.

டியூபில் கால்சிபோட்ரியால் என்று போட்டிருக்கும். வைட்டமின் டி-யின் அமைப்பைக் கொஞ்சம் மாற்றிச் செய்த மருந்து அது. 1985-ல் ஜப்பானில் எலும்புக்காக வைட்டமின் டி வகை மருந்து சாப்பிட்டவருக்கு சோரியாசிஸும் சேர்ந்து மறைந்ததை மருத்துவர்கள் கவனித்து எழுதினார்கள். சோரியாசிஸ் வந்த இடத்தில் தோல் செல்கள் சில நாட்களிலேயே அவசர அவசரமாக வளர்ந்து செதிலாகக் கொட்டும். அந்த அவசரத்தை இந்த மருந்து அடக்குகிறது. ஒரே வாரத்தில் எதிர்பார்க்காதீர்கள். மாற்றம் தெரியவே இரண்டு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம்.

அளவுதான் முக்கியம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 100 கிராமுக்கு மேல் போகக் கூடாது. மீறினால் மருந்து தோல் வழியாக உள்ளே போய் இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும். அம்மா எலும்புக்காகக் கால்சியம், வைட்டமின் டி மாத்திரை சாப்பிடுகிறாரா? சிறுநீரகக் கல் வந்ததுண்டா? இரண்டையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், காரணமில்லாத சோர்வு என்று வந்தால் தடவுவதை நிறுத்திவிட்டு உடனே கேளுங்கள்.

வீட்டில் அளக்க விரலே போதும். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது வரும். என் இரண்டு முழங்கைக்கும் சேர்த்து ஒரு விரல்நுனி. காலை, மாலை என்றால் நாளுக்கு ஒரு கிராம், 30 கிராம் டியூப் ஒரு மாதம் ஓடும். ஆரம்பத்தில் நான் அதே டியூபை ஐந்தே நாளில் தீர்த்தேன். வெள்ளையாகப் படியும்படி அப்பினால்தான் வேலை செய்யும் என்ற நினைப்பு.

இன்னொரு தப்பும் செய்தேன். ஒருநாள் இரவு தடவிவிட்டுக் கை கழுவாமல் படுத்துவிட்டேன். தூக்கத்தில் கண்ணைக் கசக்கியிருக்கிறேன் போல. காலையில் இரண்டு இமையும் சிவந்து தடித்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது. முகத்துத் தோல் இந்த மருந்தைத் தாங்காது. தடவி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அம்மா பேரப்பிள்ளையைத் தூக்குவார் என்றால் இன்னும் கவனம்.

செதிலைக் கரைக்க சாலிசிலிக் அமிலக் களிம்பும் கொடுத்திருந்தால், இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தடவாதீர்கள். அந்த அமிலம் கால்சிபோட்ரியாலைச் செயலிழக்கச் செய்துவிடும். ஒரு மாதம் நான் அப்படித் தடவி, மருந்தே சரியில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன். மருந்து கொடுக்கும் கவுண்டரில் இருந்த மருந்தாளர்தான் கேட்டுக் கண்டுபிடித்தார். அவர்களிடம் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

அப்புறம், டியூபில் பீட்டாமெத்தசோன் என்ற பெயரும் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டும் கலந்தது. பொதுவாக நாளுக்கு ஒரு தடவைதான். அக்குள், தொடை இடுக்கு போன்ற மடிப்புகளில் தடவக் கூடாது. சரியாகிவிட்டது என்று நாமே சட்டென்று நிறுத்தினால் சில சமயம் நோய் திரும்பச் சீறிக்கொண்டு வரும். எப்போது, எப்படி நிறுத்துவது என்று மருத்துவர் சொல்லட்டும். பக்கத்து புளோக்கில் யாருக்காவது தோல் அரித்தால் இதை எடுத்துக் கொடுக்கவும் கூடாது.

சோரியாசிஸுக்குத் தடவும் சித்த மருந்தான வெட்பாலைத் தைலம் ஊரிலிருந்து வருகிறதா? பல வீடுகளில் வரும், எங்கள் வீட்டிலும் வந்தது. திட்டவில்லை, ஆனால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். தோல் எரிந்தால் எது எரித்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். இங்கே வெயில் கடுமை என்பதால் தடவிய இடத்தைத் துணியால் மூடிக்கொண்டு வெளியே போவது நல்லது. ஒளிசிகிச்சைக்குப் போகும் நாளில் அது முடிந்த பிறகே தடவ வேண்டும். பாரஃபின் கலந்த களிம்பு ஊறிய புடவைத் தலைப்பு எளிதில் தீப்பற்றும். சாமி விளக்கு ஏற்றும்போது அம்மாவை ஒதுங்கி நிற்கச் சொல்லுங்கள்.

புது டியூப் திறந்ததும் திறந்த தேதியைப் பேனாவால் அதன் மேலேயே எழுதுங்கள். தீர்ந்ததை எறியாமல் ஒரு பையில் போட்டு வைத்து, அடுத்த தடவை மருத்துவரிடம் அப்படியே எடுத்துப் போங்கள். எவ்வளவு தடவினீர்கள் என்று அவர் கேட்கும்போது பையைத் திறந்து காட்டினால் போதும்.