ஸ்கேனுக்குப் பணம் கட்டினால் கையில் எதை வாங்கி வரவேண்டும்?

கேள்வி: நுரையீரல் சி.டி. ஸ்கேன் எடுத்த மையத்தில் ஒரு குறுந்தகடு கொடுத்தார்கள். இரண்டாவது கருத்துக் கேட்கப் போன இடத்தில், அதில் வெறும் ஜேபெக் படங்கள்தான் இருக்கின்றன, பயன்படாது என்கிறார்கள். மறுபடியும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதே எடுக்க வேண்டாம், எடுத்தால் பணத்தோடு கதிர்வீச்சும் இரண்டாம் முறை உங்கள் மேல்தான் விழும். மையத்துக்கு உடனே சென்று, “டைகாம் கோப்புகள் முழுவதும் வேண்டும்” என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். மருத்துவப் படங்களைச் சேமிக்கவும் பரிமாறவும் உள்ள பொதுத் தரம்தான் டைகாம்.

உங்களுக்கு நேர்ந்ததை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. சி.டி. கருவி, உடலின் ஒவ்வொரு புள்ளியும் எக்ஸ் கதிரை எவ்வளவு தடுத்தது என்பதை ஓர் எண்ணாகப் பதிகிறது: தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, கெட்டியான எலும்புக்கு ஆயிரத்துக்கும் மேல். 12 பிட் பதிவில் இப்படி 4,096 நிலைகள் உண்டு. சாதாரண ஜேபெக்கில் சாம்பல் நிறத்துக்கு 256 நிலைகளே. நுரையீரல் தெரியும்படி ஊழியர் திரையை அமைத்து ஜேபெக்காகச் சேமித்துவிட்டால், அதே படத்தை விலா எலும்போ இதயத்தருகே உள்ள நிணநீர்க் கணுவோ தெரியும்படி மாற்றிப் பார்க்க மருத்துவருக்கு வழியில்லை. அதற்கும் மேலாக, ஜேபெக் படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணில் எளிதில் படாத நுண்ணிய மாற்றங்களைத்தான் முதலில் கைவிடுகிறது. நோயின் முதல் அடையாளம் பல நேரங்களில் அத்தகைய நுண்ணிய மாற்றமாகவே இருக்கிறது.

கோப்பின் அளவைச் சுருக்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரு புள்ளிகூட மாறாமல், அளவை ஏறத்தாழ பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறைக்கும் முறைகள் இருக்கின்றன. இழப்புடன், அதாவது சில விவரங்களைக் கைவிட்டு, சுருக்குவதைக்கூட, பிரிட்டனின் ராயல் கதிரியக்கவியலாளர் கல்லூரி 2008-இல் மார்பு எக்ஸ்ரேயைப் பத்தில் ஒரு பங்காக, சி.டி.யை ஐந்தில் ஒரு பங்காகக் குறைக்கலாம் என்று வரம்பு கட்டித்தான் ஏற்றது. இழப்புடன் சுருக்கினால் அந்தச் செய்தி கோப்பிலேயே பதிவாக வேண்டும் என்பது டைகாம் தரத்தின் விதி. ஜேபெக்காக மாற்றித் தருபவர் அந்தப் பதிவையும் சேர்த்தே அழித்துவிடுகிறார். வாங்குகிறவருக்கு எதை இழந்தோம் என்பதே தெரிவதில்லை.

ஆகவே, மையத்தை விட்டு வெளியேறும் முன் கோப்பின் அளவைப் பாருங்கள். சி.டி.யின் ஒரு வெட்டுப் படம் 512-க்கு 512 புள்ளிகள், சுருக்காமல் அரை எம்.பி.; 300 வெட்டுகள் என்றால் 150 எம்.பி. உங்கள் தகட்டில் இரண்டு மூன்று எம்.பி.தான் இருக்கிறது என்றால், ஸ்கேன் உங்கள் கைக்கு வரவில்லை.

இதை நான் பட்டே கற்றேன். என் தாயாரின் முதுகெலும்பு எம்.ஆர்.ஐ.யைப் பளபளப்பான புகைப்படத் தாளில் அச்சிட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அதற்குக் கூடுதல் பணம் கொடுத்து, குறுந்தகடு வேண்டாம் என்று வந்துவிட்டேன். அறுவை மருத்துவர் அந்தத் தாள்களை ஒரு முறை புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வலியோடு இருந்தவரை இன்னும் இரண்டு நாள் காக்க வைத்தது அந்தச் செலவு.

கேள்வி: எக்ஸ்ரே பிலிமைப் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், தெளிவில்லை என்கிறார் மருத்துவர். நல்ல கேமரா உள்ள போன் வாங்கலாமா?
– வாசகர், கரூர்

பதில்: வாங்க வேண்டாம். மையத்திலிருந்து மூலக் கோப்பை வாங்கி, போட்டோவாக அல்லாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்காது.

கேள்வி: மங்கலான ஸ்கேன் படத்தைத் தெளிவாக்கும் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். படம் பளிச்சென்று வருகிறது. மருத்துவருக்கு அனுப்பலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: கூடவே கூடாது. சுருக்கத்தில் போன விவரத்தை எந்தச் செயலியும் மீட்க முடியாது. அது ஊகித்து வரைகிறது. ஊகித்து வரைந்த எலும்பைக் காட்டி மருத்துவம் கேட்பீர்களா? சந்தாவை இன்றே நிறுத்துங்கள். பணம் கட்டும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி: தந்தையை உள்நோயாளியாகச் சேர்த்திருந்தபோது எடுத்த ஸ்கேனைக் கேட்டால், மருத்துவமனை பிலிமின் போட்டோவை மட்டும் அனுப்பிவிட்டு, மூலப் படங்கள் ‘எங்கள் சொத்து’ என்கிறது. மூன்று முறை அலைந்துவிட்டேன்.
– வாசகி, தென்காசி

பதில்: நோயாளியை வைத்துக்கொண்டு அலைந்த உங்களிடம் இப்படிச் சொன்னது கொடுமை. இனி வாய்மொழியாகக் கேட்காதீர்கள். எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உள்நோயாளியின் மருத்துவப் பதிவுகளை மூன்றாண்டு காக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. கட்டணம் வாங்கும் மருத்துவமனையின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்த்துவிட்டது. கெடு கடந்தால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டாண்டு அவகாசம் உண்டு. கட்டண ரசீதையும் அவர்கள் அனுப்பிய அந்தப் போட்டோவையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: குறுந்தகட்டுக்குத் தனிக் கட்டணம், இணைய லிங்க் இலவசம் என்கிறார்கள். எது நல்லது?
– வாசகர், ஈரோடு

பதில்: லிங்க்கில் டைகாம் கோப்புகளை முழுவதும் இறக்கிக்கொள்ள முடிந்தால் அதுவே போதும், அது காலாவதியாகும் முன் இறக்கி, இரண்டு இடங்களில் சேமியுங்கள். திரையில் பார்க்க மட்டும் விடும் லிங்க் என்றால் தகட்டுக்குப் பணம் கொடுங்கள்.