கேளுங்கள், சொல்கிறேன்: பாடியவர் ஒருவர், வாயசைத்தவர் ஒருவர்

சென்ற இதழில் வேறு எதற்கோ பதில் சொல்லப்போய், ‘தி கிங்ஸ்மென்’ என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘லூயி லூயி’ பாட்டைப் பாடியவர் அது ஹிட்டானபோது அந்தக் குழுவிலேயே இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி அந்த வரியைப் பிடித்துக்கொண்டு எழுதியவை. அதனால் இந்த முறை அதுதான். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நண்பர்கள் நாலு பேர் என் வீட்டுக் கார் ஷெட்டில் வாசித்துப் பழகுகிறோம். ‘கராஜ் பேண்டு’ என்று கிண்டல் செய்கிறார்கள். உண்மையிலேயே அப்படி ஒரு வகை உண்டா சார்?
– கல்லூரி மாணவர், கோவை

உண்டு தம்பி. அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம். 1960-களின் முதல் பாதியில் அமெரிக்காவில் ஊருக்கு நாலு குழு இப்படிக் கிளம்பியது. எல்லாம் பள்ளிக்கூடப் பையன்கள். இரண்டு கிடார், ஒரு பாஸ் கிடார், டிரம்ஸ், யார் வீட்டிலாவது வசதி இருந்தால் ஒரு ஆர்கன். மூன்று கார்டு (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) தெரிந்தால் மேடையேறிவிடலாம். பள்ளி நடன விழா, சர்ச் கூடம், பதின்ம வயதுக்காரர்களுக்கென்றே இருந்த கிளப்புகள் என்று சனிக்கிழமைதோறும் வேலை கிடைத்தது. ‘கராஜ் ராக்’ என்ற பெயர் பிற்பாடு, 1970-களில், பழைய இசைத்தட்டுகளைத் தேடி எடுத்து எழுதியவர்களால் பரவியது. வாசித்த பையன்களுக்கு அந்தப் பெயரே தெரியாது.

அதிலும் அமெரிக்காவின் வடமேற்கு மூலை, சியாட்டில், டகோமா, போர்ட்லண்ட் பக்கம், தனி ரகம். அங்கே எல்லாக் குழுவும் வாசித்தே ஆகவேண்டிய பாட்டு ஒன்று இருந்தது. அதுதான் லூயி லூயி. அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது போர்ட்லண்டின் ‘தி கிங்ஸ்மென்’. ஏறினார்கள், விழுந்தார்கள். ஆனால் வழக்கமான வரிசையில் இல்லை. முதலில் உடைந்தார்கள், அப்புறம்தான் ஏறினார்கள்.

கேள்வி: நீங்கள் எழுதிய பிறகு அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். ஒரு வார்த்தை புரியவில்லை. கோளாறு என் காதிலா, அவர் வாயிலா?
– வங்கி ஊழியர் (ஓய்வு), மதுரை

உங்கள் காது நன்றாக இருக்கிறது. வாயில் பாதி, மைக்கில் பாதி.

1963 ஏப்ரல் 6-ஆம் தேதி. போர்ட்லண்டில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக்கூடம். செலவு சுமார் 50 டாலர், அதையும் பையன்களே போட்டுக்கொண்டார்கள். பாடியவர் ஜாக் ஈலி, வயது 19. கிடார் மைக் மிட்செல், பாஸ் பாப் நார்ட்பி, ஆர்கன் டான் கலூச்சி, டிரம்ஸ் லின் ஈஸ்டன். கலூச்சி அப்போது பள்ளிப் பையன்தான். பதிவை மேற்பார்த்தவர் கென் சேஸ் என்ற உள்ளூர் ரேடியோ அறிவிப்பாளர். கிளப்பில் நேரில் கேட்கிற மாதிரியே தட்டிலும் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. பாடுகிறவரின் மைக்கை உயரத்தில் தொங்கவிட்டார்கள். ஈலி குதிகாலை உயர்த்தி, தலையை அண்ணாந்து, சுற்றிலும் முழங்கிய வாத்தியங்களுக்கு மேலே கத்த வேண்டியிருந்தது. போதாக்குறைக்குப் பல்லில் கம்பி கட்டியிருந்தார்.

நான் பல ஆண்டுகள் கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கி பார்த்தவன். மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தாலே பாடகர்கள் என்னை முறைப்பார்கள். கூரைப் பக்கம் வைத்திருந்தால் அடியே விழுந்திருக்கும். ஆனால் இந்தப் பாட்டைத் தெளிவாகப் பதிந்திருந்தால் அது போர்ட்லண்டைத் தாண்டியிருக்காது என்பது என் கட்சி. சாட்சியும் இருக்கிறது. சில நாள் இடைவெளியில், அதே ஊரில், அதே கூடத்தில், அதே பாட்டைப் ‘பால் ரெவியர் அண்ட் தி ரைடர்ஸ்’ குழு இன்னும் சுத்தமாகப் பதிந்தது. கொலம்பியா என்ற பெரிய கம்பெனியும் அவர்களுக்குக் கிடைத்தது. சொந்தப் பிராந்தியத்தில் கிங்ஸ்மென்னை முந்தவும் செய்தார்கள். இன்று அதை யார் கேட்கிறார்கள்?

இன்னொரு முறை கேட்டால் ஒன்றைக் கவனியுங்கள். கிடார் தனியாவர்த்தனம் முடிந்ததும் ஈலி கொஞ்சம் முந்திக்கொண்டு அடுத்த வரியை எடுப்பார். தப்பு தெரிந்து சட்டென்று நிறுத்துவார். ஈஸ்டன் டிரம்ஸில் ஓர் உருட்டு உருட்டி அந்தப் பள்ளத்தை மூடுவார். ஒரே டேக், திருத்தவில்லை. பிற்பாடு இதை வாசித்த குழுக்கள் அந்தத் தப்பையும் சேர்த்தே பாடம் பண்ணிக்கொண்டன.

தாளத்திலும் ஒரு கதை உண்டு. டகோமாவின் ‘வெய்லர்ஸ்’ குழு 1961-இல் வெளியிட்ட தட்டை, காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில் கேட்டுத்தான் ஈலி இதைக் கற்றார். அதில் ‘ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, ஒன்று-இரண்டு’ என்று போகிற அடியை இவர் ‘ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு’ என்று குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்று உலகத்துக்கே தெரிந்த அந்த முரட்டு அடி இப்படி வந்ததுதான்.

கேள்வி: அந்தப் பாட்டை எஃப்.பி.ஐ. விசாரித்ததாமே? வதந்தியா?
– வாசகி, சேலம்

வதந்தி இல்லை அம்மா. வார்த்தை புரியாவிட்டால் கேட்கிறவர் மனதில் இருப்பதுதான் காதில் விழும். பாட்டில் ஆபாசம் ஒளிந்திருக்கிறது, தட்டை வேகம் மாற்றி ஓட்டினால் வெளிவரும் என்று மாணவர்களிடையே பரவியது. ஆளுக்கொரு ‘உண்மையான’ வரி எழுதிய காகிதங்கள் கைமாறின. 1964 ஜனவரியில் இண்டியானா மாநில ஆளுநர் மேத்யூ வெல்ஷ், இதை ஒலிபரப்பாதீர்கள் என்று வானொலிக்காரர்களைக் கேட்டுக்கொண்டார். கவலைப்பட்ட பெற்றோர் ஒருவரின் கடிதம் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி வரைக்கும் போனது. அப்புறம் எஃப்.பி.ஐ. ஆய்வுக்கூடத்தில் தட்டை ஓட்டிப் பார்த்தார்கள். நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில், 33-இல், 78-இல். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்து, எந்த வேகத்திலும் புரியவில்லை என்று முடித்தார்கள்.

பாட்டின் விஷயம் என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். ஜமைக்காவில் தன் காதலி காத்திருக்கிறாள், கப்பலேறிப் போகவேண்டும் என்று ஒரு மாலுமி லூயி என்ற மதுக்கடைக்காரனிடம் புலம்புகிறான். அவ்வளவுதான். உண்மையான கெட்ட வார்த்தை ஒன்று அந்தத் தட்டில் உண்டு, 54-ஆம் விநாடி வாக்கில், பின்னணியில். டிரம்ஸ் வாசித்த ஈஸ்டன் குச்சியைத் தவறவிட்டு உளறியது என்பார்கள். எஃப்.பி.ஐ. காதில் அது மட்டும் விழவே இல்லை.

கேள்வி: பாடியவரைக் குழுவிலிருந்து துரத்தியது யார்? ஏன்?
– பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

துரத்தவில்லை. இருக்க முடியாதபடி செய்தார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஈலியும் ஈஸ்டனும் சிறுவயதுத் தோழர்கள். இரு வீட்டாரும் பழக்கம். 1950-களின் கடைசியில் இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் இந்தக் குழு. மற்றவர்கள் அப்புறம் வந்தார்கள். பெயர் ஏற்கெனவே கலைந்துபோன வேறொரு குழுவுடையது. அந்தப் பெயரைச் சட்டப்படி பதிவு செய்தபோது ஈஸ்டனின் அம்மா அதைத் தன் மகன் பெயரில் பதிந்தார். மற்றப் பையன்கள் அதைக் கவனிக்கவில்லை. பதினாறு, பதினேழு வயதில் யார் கவனிப்பார்?

1963 மே மாதம் ஜெர்டன் என்ற சின்னக் கம்பெனி தட்டை வெளியிட்டது. விற்றது சில நூறு. சரி, இது போணியாகவில்லை என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஆகஸ்டில் நடந்த கூட்டத்தில் ஈஸ்டன் சொன்னார்: இனி நான்தான் முன்னால் நின்று பாடுவேன், சாக்ஸஃபோனும் வாசிப்பேன், ஈலி டிரம்ஸுக்குப் போகட்டும். மறுத்தபோது பதிவுக் காகிதத்தைக் காட்டினார். ஈலியும் நார்ட்பியும் வெளியேறினார்கள். நம்மூர் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு யாருடையதோ அவர்தான் தலைவர். அங்கே பெயர் யாருடையதோ அவர்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அக்டோபரில் பாஸ்டன் நகரத்து வானொலி அறிவிப்பாளர் ஆர்னி கின்ஸ்பர்க், வாரத்தின் மிக மோசமான தட்டு என்று கேலி செய்து இதைப் போட்டார். கேட்டவர்கள் மறுபடி போடு, மறுபடி போடு என்று நச்சரித்தார்கள். நியூயார்க்கின் வாண்டு கம்பெனி தட்டை வாங்கி நாடு முழுக்க அனுப்பியது. டிசம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு ஹிட் பாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடம்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். தட்டில் கேட்பது ஈலியின் குரல். மேடையில் நிற்பது ஈஸ்டன். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் அவர் ஈலியின் குரலுக்கு வாயசைத்தார். சொந்தக் குரலை ரேடியோவில் கேட்ட ஈலி, பழைய குழுவைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். முடியாது என்றார்கள். உடனே அவரும் ஒரு குழு திரட்டி ‘ஜாக் ஈலி அண்ட் தி கிங்ஸ்மென்’ என்று ஊர் ஊராகக் கிளம்பினார். ஒரே பாட்டுக்கு இரண்டு கிங்ஸ்மென். ஒருவரிடம் பெயர், இன்னொருவரிடம் குரல்.

வக்கீல்கள் புகுந்து 1966-இல் சமரசம் ஆனது. ஈலி அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது. ஈஸ்டன் அவர் குரலுக்கு வாயசைக்கக் கூடாது. ஈலிக்கு 6,000 டாலர். இனி அச்சாகும் தட்டுகளில் முன்னணிப் பாடகர் என்று அவர் பெயர். அதற்குள் பாட்டின் காலம் முடிந்துவிட்டது. ஈலியை ராணுவத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் ஒரிகனில் குதிரைகள் பழக்கி வாழ்ந்து 2015-இல் காலமானார்.

ஈஸ்டனை எல்லோரும் வில்லனாக்குவார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். 1965-இல் அவர் பாடிய ‘தி ஜாலி கிரீன் ஜயண்ட்’ நான்காம் இடம் வரை போனது. புது ஆட்களை வைத்துக்கொண்டு நாடு முழுக்கக் கச்சேரி நடத்திக் குழுவுக்குச் சோறு போட்டார். ஆனால் நண்பனின் குரலுக்கு வாயசைத்தாரே, அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. அவர் 1967-இல் விலகினார். சீக்கிரமே குழு கலைந்தது. பிறகு அதே பெயரில் மறுபடி கூட்டி, கிடார்க்காரர் மிட்செல் 2021-இல் இறக்கும்வரை வாசித்துக்கொண்டிருந்தார். தட்டில் வாசித்த ஐவரில் கடைசிவரை குழுவோடு இருந்தவர் அவர்தான்.

கேள்வி: இரண்டாம் இடம் என்கிறீர்களே, முதலிடத்தில் என்ன இருந்தது?
– வாசகர், நாகர்கோவில்

பெல்ஜியத்துக் கன்னியாஸ்திரீ ஒருவர் கிடார் மீட்டிப் பாடிய ‘டொமினிக்’. ஆபாசப் பாட்டைத் தலைக்கு மேலே உட்கார்ந்து கவனித்துக்கொண்டவர் ஒரு சிஸ்டர். கதை எழுதுகிறவர் இப்படி எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

கேள்வி: சண்டையெல்லாம் சரி. பாட்டை எழுதியவருக்கும், தட்டில் வாசித்தவர்களுக்கும் பணம் வந்ததா?
– இல்லத்தரசி, புதுச்சேரி

எழுதியவர் ரிச்சர்ட் பெர்ரி, லாஸ் ஏஞ்சலஸ் கறுப்பினப் பாடகர். 1955-இல் எழுதி, 1957-இல் தாமே பாடி வெளியிட்டார். அது கராஜ் ராக் அல்ல, லத்தீன் நடன வாசனையுள்ள மென்மையான பாட்டு. அதே காலத்தில் கல்யாணச் செலவுக்குப் பணம் வேண்டுமென்று உரிமையை 750 டாலருக்கு விற்றுவிட்டார். நூற்றுக்கணக்கானவர்கள் அதைப் பதிந்த காலத்தில் அவர் அரசு உதவித்தொகையில், தாயாரோடு இருந்தார். 1980-களின் நடுவில் ஒரு மதுபானக் கம்பெனி விளம்பரத்துக்கு அந்தப் பாட்டைக் கேட்டபோது அவர் கையெழுத்து தேவைப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு வக்கீல் வைத்து உரிமையில் பங்கு மீட்டார். கடைசிக் காலம் வசதியாகப் போனது. 1997-இல் மறைந்தார். கேட்கவே ஆறுதலாக இருக்கிறது.

கிங்ஸ்மென் கதை இன்னும் நீளம். பதிவுகளின் உரிமையைக் கொடுத்த 1968 ஒப்பந்தப்படி, அவற்றின் வருமானத்தில் அவர்களுக்கு 9 சதவீதம் வரவேண்டும். பதிவுகள் கைமாறிக்கொண்டே போயின. இருபத்தைந்து ஆண்டு ஒன்றும் வரவில்லை. 1993-இல் வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தமே ரத்து, பதிவுகள் குழுவுக்கே என்று தீர்ப்பானது. எதிர்த்தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போக, 1998-இல் அந்த நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்து, தீர்ப்பு நின்றது. அதற்குள் வாசித்தவர்களில் பலருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கோவைத் தம்பிகளே, பெயர் யாருடையது, பதிவு யாருடையது, விலகுகிறவருக்கு என்ன பங்கு என்று ஒரு தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சண்டை இல்லாதபோது எழுதுவதுதான் சுலபம்.

கேள்வி: நான் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவன். அந்தப் பையன்கள் என்ன செட் வைத்திருந்தார்கள், அண்ணே?
– ஈரோடு

வாங்க தம்பி, நம்ம ஆள். பதிவன்று என்ன இருந்தது என்பதைவிட அப்புறம் வந்தது சுவாரசியம். நார்ட்பி போன இடத்துக்கு பாஸ் வாசிக்க வந்தவர் நார்ம் சண்ட்ஹோம். பாட்டு ஹிட்டாகிக் கூடங்கள் பெரிதானதும், அவருடைய பாஸ் ஆம்ப் சத்தம் பின்வரிசைக்கு எட்டவில்லை. கடையில் கிடைத்த எதுவும் போதவில்லை. அண்ணன் தம்பி இருவரும், நார்மும் கான்ராடும், வீட்டு கராஜில் உட்கார்ந்து தாங்களே ஒன்று கட்டினார்கள். டைனகோ கம்பெனியின் 60 வாட் வால்வு ஆம்ப், ஜே.பி.எல். ஸ்பீக்கர், சொந்தமாக அறுத்த பெட்டி. கேட்ட மற்றக் குழுக்கள் எங்களுக்கும் ஒன்று என்றன. 1965-இல் அது ‘சன்’ என்ற கம்பெனியாயிற்று. பெயர் அவர்கள் குடும்பப் பெயரிலிருந்து வந்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ‘தி ஹூ’ குழுவினர் எல்லாம் அந்த ஆம்ப் வைத்து வாசித்திருக்கிறார்கள். அந்தக் காலத்து வால்வு செட்டுகளுக்கு இன்றும் நல்ல விலை. உங்கள் பட்டறைக்கு ஒன்று வந்தால் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பழையதை உரிமையாளரிடமே கொடுத்துவிடுங்கள்.