வந்தியத்தேவன் உங்களுக்கு, ஹாக்வார்ட்ஸ் உங்களுக்கில்லை

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ வந்தியத்தேவன் ஹாரி பாட்டரின் ஹாக்வார்ட்ஸ் பள்ளிக்குப் போய்ச் சேர்வதாக இணையத்தில் ஒரு கிராஸ்ஓவர் தொடர் எழுதினேன். அதைச் சொந்த நாவலாகப் புத்தகம் போட ஆசை. பெயர்களை மாற்றினால் போதும், காப்புரிமையும் ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணும் வாங்கித் தர 18,000 ரூபாய் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?
- வாசகி, கடலூர்

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்ன யோசனையும் தவறு, கேட்கும் பணமும் தவறு.

கல்கி 1954இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள்தான் காப்புரிமை. அது 2014 இறுதியோடு முடிந்தது. அதற்கு முன்பே அவர் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டன. எனவே வந்தியத்தேவனைப் பெயரோடு வைத்துக்கொள்ளுங்கள். பூங்குழலியும் நந்தினியும் வரலாம். ஹாரி பாட்டரை எழுதிய ரௌலிங் நம்மோடு வாழ்கிறவர். அவருடைய பள்ளியும் பாத்திரங்களும் உங்களுக்குக் கிடையாது.

ஆனால் நாட்டுடைமையானது கல்கியின் எழுத்து மட்டும் என்பதை நன்றாக மனத்தில் வையுங்கள். மணிரத்னம் படங்களில் புதிதாகச் சேர்த்த காட்சியும் வசனமும் படக்காரர்களுடையவை. பத்திரிகைக்கு ஓவியம் வரைந்தவரின் உரிமைக்கு வேறு கணக்கு. ஆங்கில மொழிபெயர்ப்பு மொழிபெயர்த்தவருக்கு, ஒலிப்புத்தகம் அதைத் தயாரித்தவருக்கு. பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள்: மூலம் பொதுச்சொத்து என்று நம்பி, அட்டையில் கார்த்தியின் முகத்தை வரைந்துவிடுகிறார்கள். உங்கள் வந்தியத்தேவன் பேசும் வசனம் புத்தகத்தில் படித்ததா, திரையில் கேட்டதா என்று ஒவ்வொரு அத்தியாயத்திலும் சரிபாருங்கள். திரையில் கேட்டதென்றால் அடித்துவிடுங்கள்.

மந்திரப் பள்ளி என்ற கருவை யார் வேண்டுமானாலும் எழுதலாம். கருவுக்கு உரிமை இல்லை, அதைச் சொல்லியிருக்கும் விதத்துக்குத்தான் உண்டு என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் நான்கு இல்லங்கள், மாணவர்களைப் பிரிக்கும் தொப்பி, துடைப்பத்தில் பறந்து ஆடும் ஆட்டம், நெற்றித் தழும்போடு ஓர் அநாதைச் சிறுவன் எல்லாம் அப்படியே இருக்க, பெயரை மட்டும் மாற்றினால் எந்த நீதிபதியும் நம்பமாட்டார். “30 சதவீதம் மாற்றினால் போதும்” என்ற விதி சட்டத்தில் எங்கும் இல்லை. “உரிமை மூலப் படைப்பாளருக்கே” என்று முதல் பக்கத்தில் போடுவதும் காப்பாற்றாது. எடுத்ததை நீங்களே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்ததாகிவிடும்.

கதைக்கும் இதில் நஷ்டம் உண்டு. உங்கள் தொடரில் ஹாக்வார்ட்ஸ் ஆசிரியர் ஸ்நேப் உள்ளே வந்தால் ‘கறுப்பு அங்கி’ என்ற ஒரு சொல் போதும். மீதியை வாசகர் கொண்டுவருவார். பெயரை எடுத்துவிட்டால் அங்கே யாரும் இல்லை. ஆகவே பள்ளியை முழுதாக எடுத்துவிட்டு, வந்தியத்தேவனுக்கு அங்கே என்ன வேலை இருந்தது என்று கேளுங்கள். ஓலையோடு வந்த ஒற்றன், ரகசியக் கல்வி காக்கப்படும் ஓரிடத்தில் நுழைகிறான், அவ்வளவுதானே? நம்மிடமே காஞ்சிக் கடிகை என்ற பழைய கல்விச்சாலை இருக்கிறது. கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் அங்கே படிக்கப் போய், பல்லவக் குதிரைவீரனோடு சண்டையிட்டதைத் தாளகுந்தா கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கடிகையில் உங்கள் மந்திரத்தை வையுங்கள். ஆசிரியர்களைப் புதிதாகப் படையுங்கள். ஹாரி பாட்டர் படிக்காத ஒருவரிடம் மூன்று அத்தியாயம் கொடுங்கள். அவர் எங்கே விழிக்கிறாரோ அங்கே திருத்துங்கள்.

இனி அந்த 18,000. எழுதி முடித்த நொடியிலேயே காப்புரிமை உங்களுடையது. பதிவு கட்டாயமே இல்லை. பதிவு செய்ய விரும்பினால் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். 500 ரூபாய் வேலைக்குப் படிவம் 14, அதற்கு விவரப் பட்டியல், கூடுதல் விவரப் பட்டியல், ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்திருப்பு என்று சாதாரண மனிதர் மிரளும்படி வைத்திருக்கிறார்கள். தரகர்கள் பிழைப்பது இதனால்தான். எத்தனை ஆண்டுகளாகச் சொல்கிறோம், எளிய தமிழில் ஒரு பக்கப் படிவம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

அவர் நீட்டும் ஒப்பந்தத்தையும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இத்தகையவர்கள் “முழு உரிமைக் காலத்துக்கும்” என்று பொடி எழுத்தில் சேர்க்கிறார்கள். அந்த வரியை அடிக்க மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.