21 கிலோவில் டேப் எத்தனை கிலோ? கஞ்சா கடத்தல் வழக்கில் மேல்முறையீடு

கேள்வி: என் தம்பி மீன்பிடித் தொழிலாளி. இலங்கைக்குக் கஞ்சா கடத்த இருந்ததாகச் சொல்லி, கடற்கரையில் ஃபைபர் படகோடு பிடித்த மூன்று பேரில் அவனும் ஒருவன். 10 பண்டல், மொத்தம் 21 கிலோ என்று வழக்கு. மதுரையில் உள்ள சிறப்பு நீதிமன்றம் 10 ஆண்டு கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்துவிட்டது. தீர்ப்பு வந்து 35 நாள் ஆகிறது. 'படகு ஓட்டக் கூலிக்குப் போனேன், மூட்டையில் இருந்தது எனக்குத் தெரியாது' என்கிறான். மேல்முறையீட்டில் புதிதாகச் சாட்சி விடலாமா? அதுவரை அவனை வெளியே எடுக்க முடியுமா?
- வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: முதலில் நாள் கணக்கு. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள் கெடு. உங்களுக்கு இன்னும் 25 நாள் இருக்கிறது. தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்கப் பிடித்த நாட்கள் கெடுவில் சேராது. தாமதமானாலும் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கேட்கலாம் என்றாலும், அதை நம்பி உட்கார வேண்டாம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் தம்பியே சிறைக் கண்காணிப்பாளர் மூலம் மனு அனுப்பலாம். இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழையுங்கள். உங்கள் மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

புதுச் சாட்சிக்கு அநேகமாக வழியில்லை. மிக அபூர்வமாகத்தான் அனுமதிப்பார்கள். மேல்முறையீடு என்பது மறுபடி விசாரிப்பது இல்லை. ஏற்கெனவே பதிவான சாட்சியத்தையும் ஆவணங்களையும் வைத்தே தீர்ப்பு சரியா என்று பார்ப்பார்கள். அதனால் 'எனக்குத் தெரியாது' என்ற வாதம் குறுக்கு விசாரணையிலோ, கடைசியில் நீதிபதி கேட்ட கேள்விகளுக்குத் தம்பி சொன்ன பதிலிலோ இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கே இல்லாமல் இப்போது முதல்முறையாகச் சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இந்த இடத்தில் கறாரானது. பொருள் கைவசம் இருந்தது நிரூபணமானால், தெரிந்தே வைத்திருந்தார் என்று 35, 54-ஆம் பிரிவுகள் அனுமானிக்கின்றன. இல்லை என்று காட்டும் சுமை குற்றம்சாட்டப்பட்டவர் தலையில் விழுகிறது. ஆனால் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்தாக வேண்டும். 2008-இல் நூர் ஆகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அவர் காபூலிலிருந்து அமிர்தசரஸ் விமான நிலையத்தில் வந்திறங்கிய ஆப்கானியர்; அட்டைப்பெட்டியில் ஹெராயின் இருந்தது என்று வழக்கு. அந்த அட்டைப்பெட்டியே கோர்ட்டுக்கு வரவில்லை. ஆவணங்களிலும் பல ஓட்டைகள். விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தண்டித்தவரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

ஆக, பண்டல்களின் பின்னாலேயே போங்கள். எத்தனை மணிக்கு மகஜர் (பொருளைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன் எழுதும் பதிவு) எழுதினார்கள், முத்திரை யாருடையது, கைப்பற்றிய பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பும் படிவம் 95-இல் எந்தத் தேதியில் போனது, ஆய்வகத்துக்கு எப்போது போனது, ஆய்வக அறிக்கையில் உள்ள முத்திரையும் மாதிரியின் எடையும் மகஜரோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். இடையில் நான்கு நாள் பொருள் எங்கே இருந்தது என்று எந்தச் சாட்சியும் சொல்லவில்லை என்றால் வக்கீலுக்கு அது பெரிய பிடி.

உங்கள் வழக்கில் என் கண் போவது எடைமேல்தான். கஞ்சாவுக்கு வணிக அளவு, அதாவது மிகக் கடுமையான தண்டனைக்குரிய அளவு, 20 கிலோவுக்கு மேல். சரியாக 20 என்றால்கூட வணிக அளவு ஆகாது. கடல் வழியாகப் போகும் பண்டல்களில் உப்புத் தண்ணீர் இறங்காமல் இருக்க பாலித்தீன் உறையும் பழுப்பு டேப்பும் சுற்றுச் சுற்றாகப் போட்டிருப்பார்கள். பண்டலுக்கு 2.1 கிலோ என்று எழுதியது உறையோடா, உறை நீக்கியா? உறை 110 கிராம் என்று வைத்தால் 10 பண்டலுக்கு 1.1 கிலோ, மீதி 19.9. அப்புறம், சட்டப்படி கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் உள்ள நுனி. நுனி சேராத வெறும் இலையும் விதையும் கணக்கில் வராது. மகஜரில் என்ன விவரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 20-க்குக் கீழே இறங்கினால் 10 ஆண்டு என்ற குறைந்தபட்சத் தண்டனையே இல்லை; 10 ஆண்டு உச்சவரம்பாகிவிடும்.

மாதிரி எடுத்த விதமும் முக்கியம். 52ஏ பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்க வேண்டும். சென்னையில் லாரியில் ஹெராயின் பிடிபட்ட யூசுப் வழக்கில் இதைச் செய்யவில்லை என்றே 2023-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ஆனால் அந்தத் தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு விடுதலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் குறை மட்டுமே வழக்கை உடைக்காது, மற்ற சாட்சியங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் பாரத் ஆம்பலே வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்படிக் காலாவதியான வாதங்கள் இன்னும் சில உண்டு. தகவல் பெற்ற அதிகாரியே புலனாய்வும் செய்தார் என்பது 2020-இலிருந்து தானாக விடுதலை தராது. மூட்டையில் எடுத்த பொருளுக்கு, உடல் சோதனை பற்றிய 50-ஆம் பிரிவும் பொருந்தாது.

'இலங்கைக்கு' என்பது எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். பிடிபட்டவர்களின் வாக்குமூலத்திலிருந்து மட்டும்தான் என்றால் அது நிற்காது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் எப்போதுமே செல்லாது. சுங்கத்துறை, போதைப்பொருள் தடுப்புப் பிரிவு அதிகாரிகளிடம் 67-ஆம் பிரிவில் கொடுத்ததையும் ஒப்புதலாக எடுக்கக்கூடாது என்று தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020-இல் தீர்ப்பானது. ஆனால் ஒன்று: ஏற்றுமதிக் குற்றச்சாட்டு விழுந்தாலும், 20 கிலோவுக்கு மேல் வைத்திருந்த குற்றம் நின்றால் அதே 10 ஆண்டு. அதனால்தான் எடையை அவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இனி வெளியே எடுப்பது. அதற்குத் தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்க வேண்டும். தண்டனையை நிறுத்திவைக்கவே கூடாது என்கிறது 32ஏ பிரிவு. மேல்முறையீட்டுக் காலத்தில் நிறுத்திவைக்கும் கோர்ட்டின் அதிகாரத்தை அது பறிக்க முடியாது என்று 2000-ஆம் ஆண்டு தாது வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வணிக அளவு வழக்குகளில் ஜாமீனுக்குக் கடும் நிபந்தனை போடும் 37-ஆம் பிரிவைத் தாண்டியாக வேண்டும்: குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம், வெளியே வந்தால் குற்றம் செய்யமாட்டார் என்ற திருப்தி, இரண்டும் வேண்டும். தீர்ப்பே எதிராக வந்த பிறகு முதலாவது லேசில் கிடைக்காது. சிறையில் கழித்த காலம் தண்டனையில் பாதியை நெருங்கி, மேல்முறையீடு விசாரணைக்கு வராமல் கிடந்தால் அதையும் சொல்லி மனு போடலாம். ஒருமுறை தள்ளுபடி ஆனாலும் சூழ்நிலை மாறியபின் மறுபடி கேட்கலாம்.

தீர்ப்புக்கு முன் ரிமாண்டில் இருந்த நாட்கள் 10 ஆண்டில் கழியும். தீர்ப்பில் அந்த எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அபராதம் கட்டாவிட்டால் எத்தனை மாதம் கூடுதல் என்பதும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். வக்கீலிடம் போகும்போது தீர்ப்பு நகலோடு மகஜர், படிவம் 95, ஆய்வக அறிக்கை, குறுக்கு விசாரணை நகல் ஆகிய நான்கையும் எடுத்துப் போங்கள்.