கட்டடம் கேளுங்கள்: மரத்தில் பதினெட்டு மாடி

(வாசகர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகன் கனடாவில் வான்கூவர் நகரத்தில் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு சேர்ந்திருக்கிறான். 'புரோக் காமன்ஸ்' என்ற விடுதியில் 14-வது மாடியில் அறை கிடைத்திருக்கிறது. பதினெட்டு மாடியும் மரத்தால் கட்டியதாம், பெருமையாகச் சொல்கிறான். எங்கள் ஊர் தீப்பெட்டி ஊர். மரம் எப்படிப் பற்றும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேறு விடுதிக்கு மாறச் சொல்லலாமா?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: அம்மா, கோவில்பட்டிக்காரரிடம் தீயைப் பற்றிப் பேச எனக்கே கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். குச்சி சட்டென்று பற்றுவது அது மெல்லிசாக இருப்பதால். அதே மரத்தை ஆள் கட்டிப்பிடிக்கிற பருமனில் நிறுத்திவைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள், ஒன்றும் நடக்காது. பெரிய தீயிலேயே போட்டாலும் வெளிப்பக்கம்தான் கரியாகும். அந்தக் கரி உள்ளே சூடு போகாமல் தடுக்கும். இந்த வகைத் தூண்களில் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கரி ஏறும் என்று கணக்கு வைப்போம். ஒரு மணி நேரத் தீயில் நாலு சென்டிமீட்டர் சொச்சம். அந்த விடுதியின் கீழ் மாடித் தூண்கள் 265 மில்லிமீட்டர் சதுரம், அதாவது பத்தரை அங்குலம். மேல் மாடிகளில் ஒரு பக்கம் கொஞ்சம் மெலியும். கரியாகிற பகுதியைத் தள்ளிவிட்டு மிச்சத்தில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று போடுவதுதான் மரத்துக்கான தீக் கணக்கு.

ஆனால் உங்கள் மகன் இருக்கும் கட்டடத்தில் இந்தக் கணக்கை மட்டும் நம்பி விடவில்லை. அப்போது அந்த மாகாணத்து விதியில் மரக் குடியிருப்புக்கு ஆறு மாடிதான் உச்சம். பதினெட்டு மாடிக்காக இந்த ஒரு மனைக்கென்றே தனி விதி எழுதினார்கள். அனுமதி கொடுத்தவர்கள் மனம் இளகும்படி, தூண், தளத்தின் அடிப்பாகம் எல்லாவற்றையும் தீ தாங்கும் ஜிப்சம் பலகையால் மூன்று நான்கு அடுக்கு போர்த்திவிட்டார்கள். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதன் படிகத்துக்குள் கட்டுண்ட தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுவதும் ஆவியாகிப் போனால்தான் பின்னால் இருக்கும் மரத்துக்குச் சூடு ஏறும். இரண்டு மணி நேரம் தீ தாங்க வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் எல்லா அறையிலும் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர். நகரக் குழாயில் தண்ணீர் நின்றாலும் ஓட, கட்டடத்துக்கென்று தனித் தொட்டி. தப்பி இறங்கும் படிக்கட்டு முழுக்கக் கான்கிரீட் சுவருக்குள் இருக்கிறது.

என் தங்கை வான்கூவர் பக்கம் சர்ரேயில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது இந்தக் கட்டடத்தைப் பார்க்கவென்றே பஸ் ஏறிப் போனேன். சுத்தி வந்து பார்த்தேன், மரம் கண்ணிலேயே படவில்லை! வாசலில் ஒரு மரக் கூரை நீட்டியிருக்கிறது. மேலே பதினெட்டாவது மாடிப் பொது அறையில் மட்டும் மரத்தை மூடாமல் விட்டிருக்கிறார்கள். மற்றபடி உங்கள் மகனின் அறையும் எந்த ஹோட்டல் அறையையும் போல வெள்ளைச் சுவர்தான். இவ்வளவு நல்ல மரத்தை இப்படி மூடி வைத்தார்களே என்று எனக்கு வருத்தம். உங்களுக்கு அதுவே ஆறுதலாக இருக்கட்டும்.

மாற வேண்டாம் அம்மா. ஒன்றே ஒன்று சொல்லி அனுப்புங்கள். நம் பிள்ளைகள் கடுகு தாளிக்கிற புகைக்கு அங்கே அலாரம் அலறும். அதற்காக அலாரத்தைத் துணி போட்டு மூடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேல் உள்ள ஃபேனைப் போட்டுத் தாளிக்கட்டும்.

கேள்வி: சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மரக்கட்டடம் என்று சொல்லப்படும் எல்லாவற்றிலும் நடுவில் கான்கிரீட் இருக்கிறது. அப்படியென்றால் 'மரக்கட்டடம்' என்பது விளம்பரமா? பீம் இல்லாமல் மரத்தில் தளம் எப்படி நிற்கிறது?
– ஒரு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, இந்த வாரம் வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இது. மேலே அம்மாவுக்குச் சொன்ன கட்டடத்தையே எடுத்துக்கொள்வோம், அதன் விவரம் நிறைய வெளியில் கிடைக்கிறது.

உயரம் சுமார் 53 மீட்டர். தரைத்தளமும் அதற்கு மேலே உள்ள கனமான ஸ்லாபும் கான்கிரீட். அந்த மேடை மேல் பதினேழு மாடி மரம். இரண்டு கான்கிரீட் கோர், லிஃப்ட்டும் படியும் அதற்குள், அடியிலிருந்து உச்சி வரை. காற்று, பூகம்பம் இரண்டையும் தாங்குவது இந்தக் கோர்கள்தான். மரத் தூண்களுக்கு நேர்கீழாக வரும் பாரம் மட்டும் பொறுப்பு. வான்கூவர் பெரிய பூகம்பம் வரக்கூடிய கடற்கரை என்பதை மறக்க வேண்டாம். கோரையும் மரத்தில் செய்ய முடியாதா என்றால், முடியும். ஆனால் அதற்குச் சோதனை, அனுமதி என்று இன்னும் எத்தனையோ மாதம் இழுத்திருக்கும். தெரிந்த வழியில் போனார்கள். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நான் சொல்வேன். ஒரே கட்டடத்தில் எல்லாவற்றையும் புதிதாகச் செய்கிறவனிடம் நான் வீடு கட்டக் கொடுக்கமாட்டேன்.

தளம் சி.எல்.டி. பலகை. பிளைவுட்டில் ஒரு அடுக்கு நெடுக்கே, அடுத்த அடுக்கு குறுக்கே வருமில்லையா, அதையே மெல்லிய தாளுக்குப் பதில் முழுப் பலகைகளை ஒட்டிச் செய்வது. இங்கே ஐந்து அடுக்கு, 169 மில்லிமீட்டர் கனம். இரு திசையிலும் வலிமை இருப்பதால் நீ படித்த ஃபிளாட் ஸ்லாப் மாதிரியே தூண் தலையில் நேராக உட்காரும், பீம் தேவையில்லை. அதற்கு விலையாகத் தூண்களை நெருக்கமாக, 2.85 மீட்டருக்கு 4 மீட்டர் இடைவெளியில் வைத்திருக்கிறார்கள். சின்னச் சின்ன அறைகள் உள்ள விடுதிக்கு இது பொருந்தும். கல்யாண மண்டபத்துக்குப் பொருந்தாது.

அடுத்து வருவதை நோட்டில் வரைந்து பார். மரம் நார் ஓடும் திசையில் அமுக்கினால் தாங்கும், குறுக்கே அமுக்கினால் நசுங்கும். தளப் பலகை படுத்துக் கிடக்கிறது. அதன் மேல் ஒரு தூண், அதன் மேல் இன்னொரு பலகை என்று பதினேழு மாடி அடுக்கினால் அடிப் பலகை என்ன ஆகும்? அதனால் மேல் தூணின் பாரம் பலகை வழியாகவே இறங்குவதில்லை. ஒவ்வொரு தூணின் இரு முனையிலும் ஸ்டீல் இணைப்பு. கீழ்த் தூணின் இணைப்பு பலகையில் போட்ட துளை வழியாக மேலே வந்து, மேல் தூணின் அடியில் உள்ள ஸ்டீல் குழாயைப் பிடித்துக்கொள்ளும். பாரம் ஸ்டீலிலிருந்து ஸ்டீலுக்கு, அங்கிருந்து அடுத்த தூணுக்கு. பலகை அந்தந்த மாடியின் சுமையை மட்டும் தூணிடம் ஒப்படைக்கிறது. இந்த ஒரு இணைப்பைப் புரிந்துகொண்டால் உயர்ந்த மரக்கட்டடத்தில் பாதி புரிந்த மாதிரி.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மரத் தூண் பாரத்தாலும், ஈரம் காய்வதாலும் காலப்போக்கில் கொஞ்சம் குட்டையாகும். பக்கத்தில் நிற்கும் கான்கிரீட் கோர் அதே அளவு குறையாது. பதினேழு மாடிக்குச் சேர்த்துப் பார்த்தால், லிஃப்டை விட்டு இறங்குகிற இடத்தில் தளம் சாய்ந்துவிடும். அதற்காகச் சில மாடிகளில் தூணுக்கு அடியில் மெல்லிய ஸ்டீல் தகடுகளை வைத்து முன்கூட்டியே உயர்த்தி வைத்தார்கள். பழைய ஆசாரிகள் நிலைக்கு ஆப்பு வைத்து மட்டம் பார்த்த அதே வேலை, கம்ப்யூட்டர் கணக்கோடு.

அப்புறம் வேகம். 2016 ஜூனில் மரவேலை தொடங்கியது, ஆகஸ்டில் உச்சி தொட்டுவிட்டது. எழுபது நாளுக்குள் பதினேழு மாடி! சென்ட்ரிங் இல்லை, கியூரிங் இல்லை. பலகைகள் அதே மாகாணத்தில் பென்டிக்டன் ஊர் ஆலையில் துளை உள்பட வெட்டப்பட்டு வரிசை எண்ணோடு வந்தன. மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்பதால் வெயில் காலத்தைப் பார்த்துத் தொடங்கினார்கள். ஜன்னலோடு வந்த வெளிச்சுவர்ப் பலகைகளைத் தளம் ஏற ஏறக் கையோடு மாட்டி மூடினார்கள். உச்சிக் கூரை மட்டும் ஸ்டீல், கசிவுக்குப் பயந்து. ஆனால் எழுபது நாள் என்று மட்டும் பார்க்காதே. கோர்கள் அதற்கு முன்பே எழும்பி நின்றன, இரண்டு மாடி உயரத்துக்கு முழு அளவு மாதிரியும் கட்டிப் பார்த்தார்கள். பிள்ளைகள் குடிவந்தது 2017-ல்.

தளத்தின் மேல் 40 மில்லிமீட்டர் கான்கிரீட் போட்டிருப்பதையும் சொல்ல வேண்டும். மரத் தளம் லேசு, மேலே நடந்தால் கீழே கேட்கும். சத்தத்தை அடக்க எடை வேண்டும்.

ஆக, விளம்பரமா என்றால், பெயரில் கொஞ்சம் விளம்பரம் இருக்கிறது. கட்டடத்தில் இல்லை.

கேள்வி: எங்கள் வீட்டுத் தூண், உத்திரம் எல்லாம் பர்மாத் தேக்கு. ஒரு காட்டையே அழித்துத்தான் செட்டிநாடு கட்டினோம் என்று என் பேத்தி குத்திக்காட்டுகிறாள். இப்போது மரத்தில் மாடி கட்டுவது மட்டும் எப்படிச் சுற்றுச்சூழலுக்கு நல்லது?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: பேத்தி சொல்வதில் நியாயம் இருக்கிறது ஐயா. தேக்கு ஆளாக எத்தனையோ பத்தாண்டு. இந்தக் கட்டடங்களுக்கு வருவது ஊசியிலை மரம். பெரிய மரமே வேண்டியதில்லை, சின்னப் பலகைகளை ஒட்டித்தான் பெரிய பாகம் ஆகிறது.

கரியமிலக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். அந்த விடுதியில் போன மரம் 2,233 கன மீட்டர் என்கிறார்கள். காய்ந்த எடை கன மீட்டருக்கு 430 கிலோ என்று வைத்தால், அதில் பாதி கார்பன். காற்றிலிருந்து இழுத்த கரியமில வாயுவாக மாற்றினால் கன மீட்டருக்கு 790 கிலோ பக்கம். மொத்தம் 1,760 டன். அவர்கள் சொல்லும் கணக்கு 1,753. சரியாகத்தான் இருக்கிறது. வெட்டிய இடத்தில் திரும்ப மரம் வளர்ந்தால், கட்டடமும் நீண்ட காலம் நின்றால், இந்தக் கணக்கு நிற்கும். இரண்டில் ஒன்று தவறினால் உங்கள் பேத்தி ஜெயித்துவிடுவாள்.

கேள்வி: மதுரையில் பத்து மாடி அபார்ட்மென்ட் போட இருக்கிறேன். மரத்தில் போட்டால் விற்குமா?
– ஒரு பில்டர், மதுரை

பதில்: விற்குமா என்பதற்கு முன், அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். நம் தேசியக் கட்டட விதிநூலில் மரத்துக்கும் மூங்கிலுக்கும் ஒரு பிரிவு உண்டு, மர வடிவமைப்புக்கு ஐ.எஸ். 883 உண்டு. இரண்டும் பத்து மாடியை மனதில் வைத்து எழுதப்பட்டவை இல்லை. அடுத்தது கரையான், அதற்கடுத்தது புழுக்கம். சிங்கப்பூரில் நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2023-ல் 'காயா' என்ற ஆறு மாடி மரக் கட்டடத்தைத் திறந்தது, குடியிருப்பு அல்ல, வகுப்பறைகள். அடுத்த வருஷமே மரத்தில் பூஞ்சை படிந்திருக்கிறது என்று செய்தி வந்தது. அவ்வளவு பராமரிப்பு இருக்கிற ஊரிலேயே அப்படி.

மரமும் காரையும் சேர்ந்த தளம் நமக்குப் புதிதில்லை. சென்னை, புதுச்சேரிப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் பார்த்திருப்பீர்கள். தேக்குக் கட்டைகள், அதன் மேல் சாய்த்து அடுக்கிய சன்னச் செங்கல், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட், கடைசியில் தட்டோடு. அவை கெட்டது பெரும்பாலும் ஓரிடத்தில்தான்: சுவருக்குள் புதைந்த கட்டையின் முனை. மேலே கசிந்த தண்ணீர் அங்கே போய் நின்று உளுத்துவிடும். மரம் காய்ந்தே இருந்தால் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்குப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் வாருங்கள். ஆசை விடவில்லை என்றால் மொட்டை மாடி கிளப் ஹவுஸை மரத்தில் செய்யுங்கள், முனைகளைக் காற்றாட விட்டு. பத்து மாடி இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: மரக்கட்டடத்தில் உலகிலேயே உயரம் எது?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: 2019-ல் நார்வேயில் மியோசா ஏரிக்கரையில் எழுந்த மியோஸ்டோர்நெட், 85.4 மீட்டர், பதினெட்டு மாடி. அதை 2022-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் 'அசென்ட்' முந்தியது. 86.6 மீட்டர், இருபத்தைந்து மாடி, 259 வீடு. கீழே ஆறு மாடி கான்கிரீட், மேலே பத்தொன்பது மரம். காடு நிறைந்த விஸ்கான்சின் மாநிலத்துக்கு ஆஸ்திரியாவிலிருந்து கப்பலில் மரம் வந்தது, காரைக்குடிப் பேத்தியிடம் சொல்லாதீர்கள். நார்வேக் கட்டடத்தில் மேல் ஏழு மாடிகளின் தரைப்பலகை மட்டும் கான்கிரீட். அதற்குக் காரணம் பலம் இல்லை, எடை. உச்சி லேசாக இருந்தால் காற்றில் ஆடி, மேலே குடியிருப்பவருக்குத் தலை சுற்றும்.

மொட்டை மாடி ஒழுகல் பற்றி வந்த கடிதங்களுக்கு அடுத்த இதழில்.