சொந்தமாகக் கட்டும் விமானத்துக்கு எந்த வயர், எத்தனை ஆம்ப் ஃபியூஸ்?

கேள்வி: இரண்டு பேர் உட்காரும் உலோக விமானம் ஒன்றைச் சொந்தமாகக் கட்டி வருகிறேன். இறக்கை, உடற்பகுதி வேலை முடிந்துவிட்டது. எஞ்சினில் தீப்பொறி கொடுக்க இரண்டு மேக்னெட்டோ, 12 வோல்ட் பேட்டரி, ஒரு ஆல்டர்னேட்டர். கார் வயரிங் எனக்கு நன்றாகத் தெரியும். அதே வயரும் அதே முறையும் போதுமா? ஃபியூஸ் அளவை எப்படி முடிவு செய்வது?

பதில்: வயர் வாங்கும் முன் ஒரு தாளில் எல்லாக் கருவிகளையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது இழுக்கும் ஆம்ப், பக்கத்தில் “பறக்கும்போது இது செத்தால் என்ன ஆகும்?” என்பதற்கான பதில். வயரிங்கில் எடுக்க வேண்டிய முடிவுகளில் பாதி இந்தத் தாளிலேயே வந்துவிடும்.

காரில் பயன்படும் சாதாரண பிவிசி வயர் வேண்டாம். அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு கலந்த புகை வரும். சின்ன காக்பிட்டில் அதைச் சுவாசித்துக்கொண்டு தரையிறங்க முடியாது. விமானங்களுக்கென்றே டெஃப்செல் என்ற வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் உறை போட்ட, வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பு வயர் கிடைக்கிறது. 150 டிகிரி செல்சியஸ் தாங்கும், உறையும் மெலிது.

ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. ரேடியோவையோ விளக்கையோ அது காப்பாற்றும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதனால் வயரின் தடிமனைப் பார்த்துத்தான் ஃபியூஸ் போட வேண்டும்: 22 கேஜுக்கு (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்) 5 ஆம்ப், 20 கேஜுக்கு 7 அல்லது 7.5, 18 கேஜுக்கு 10. அதை மின்சாரம் புறப்படும் இடத்தில், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் பிரியும் உலோகப் பட்டையான பஸ் பாரிலேயே வையுங்கள். கருவியின் பக்கத்தில் வைத்தால் நடுவில் உள்ள வயர் முழுவதும் பாதுகாப்பில்லாமல் கிடக்கும்.

ஆனால் சூடு மட்டுமே கணக்கு இல்லை. இறக்கை நுனியில் 8 ஆம்ப் இழுக்கும் லேண்டிங் லைட் இருக்கிறது, வயரின் நீளம் 5 மீட்டர் என்று வையுங்கள். 18 கேஜ் வயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.021 ஓம். பெருக்கினால் 0.84 வோல்ட் வழியிலேயே போய்விடும். தொடர்ந்து ஓடும் கருவிக்கு 14 வோல்ட் அமைப்பில் (ஆல்டர்னேட்டர் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரி அமைப்பு இப்படித்தான் இருக்கும்) அரை வோல்ட்டுக்கு மேல் இழக்கக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. 14 கேஜ் போட்டால் இழப்பு 0.33 வோல்ட்டுக்கு வந்துவிடும்.

அடுத்தது எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் பலரும் இதைக் கடைசியில் ஏனோதானோ என்று முடிக்கிறார்கள். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. எஞ்சின் உடலிலிருந்து, எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவே உள்ள தடுப்பான ஃபயர்வாலுக்குத் தடித்த பின்னல் பட்டை ஒன்று கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்ப் த்ராட்டில் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும், கேபிள் உருகும். ரேடியோ, இன்டர்காம், அளவுமானிகள் எல்லாவற்றின் எர்த்தையும் ஃபயர்வாலில் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். உலோக உடல்தானே என்று ஆங்காங்கே திருகாணி போட்டு எர்த் எடுத்தால் ஹெட்செட்டில் ஆல்டர்னேட்டரின் கீச்சுச் சத்தம் கேட்கும். அப்புறம் அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. இறக்கை நுனி விளக்குக்கு உள்ளூர் எர்த் பரவாயில்லை.

முனைகளைச் சால்டர் செய்யாமல் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது உலோக முனையை வயரின் மேல் அழுத்திப் பிடிக்க வையுங்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்துவிடும். அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் அதிர்வில் வயர் ஒடியும். செம்பையும் உறையையும் தனித்தனியாகப் பிடிக்கும் லக்கும் (வயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு), அதற்கேற்ற ராட்செட் கிரிம்பரும் வாங்குங்கள். இதில் காசு பார்க்காதீர்கள்.

ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர் கெட்டால் மின்னழுத்தம் எகிறும். 16 வோல்ட்டைத் தாண்டியதும் ஃபீல்டை (ஆல்டர்னேட்டருக்குள் காந்தப்புலம் உண்டாக்கும் சுருளின் மின்சாரத்தை) துண்டிக்கும் ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு இல்லாமல் பறக்க வேண்டாம்.

இப்போது முதலில் எழுதிய தாளுக்கு வருவோம். ஆல்டர்னேட்டர் நின்றால் எது ஓடியே தீர வேண்டும்? மேக்னெட்டோ பேட்டரியை நம்பி இல்லை, எஞ்சின் ஓடும். ஒரு ரேடியோ, ஒரு திசைகாட்டும் திரை, எஞ்சின் அளவுமானி இருந்தால் போதும். இவற்றைத் தனி பஸ்ஸில் வைத்து இரண்டு வழியில் மின்சாரம் கொடுங்கள்: மெயின் பஸ்ஸிலிருந்து டயோடு (மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும்) வழியாக ஒன்று, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸும் ஸ்விட்ச்சும் வழியாக இன்னொன்று. அப்போது பேட்டரியை மெயின் பஸ்ஸோடு இணைக்கும் பெரிய ரிலேயான மாஸ்டர் கான்டாக்டரையே அணைத்துவிடலாம். அதன் சுருள் மட்டும் ஒரு ஆம்புக்கு நெருக்கமாகத் தின்கிறது.

வேலை முடிந்ததும் எஞ்சினை ஓட்டாமல் இந்த பஸ்ஸை மட்டும் போட்டு, பேட்டரி 11 வோல்ட்டுக்கு இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். தொட்டியில் உள்ள எரிபொருள் தரும் நேரத்தைவிட அது குறைவாக இருந்தால், சுமையைக் குறையுங்கள் அல்லது பெரிய பேட்டரி போடுங்கள். ஒவ்வொரு வருட ஆய்விலும் இதையே மறுபடி அளந்து பாருங்கள்.