வீட்டில் கட்டிய ஹாம் (அமெச்சூர் ரேடியோ) செட்டுக்கு இரைச்சல் இல்லாத பவர் சப்ளை: கேள்வி பதில்

கேள்வி கேக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை செஞ்சுட்டு வாங்க. யூபிஎஸ்ல போடற 12 வோல்ட், 7 ஆம்ப்-அவர் பேட்டரி ஒண்ணை முழுசா சார்ஜ் பண்ணி, சார்ஜரைக் கழட்டிட்டு, ப்ளஸ் வயர்ல பேட்டரிக்கு ஒட்டுனாப்பல 5 ஆம்ப் பியூஸ் போட்டு, செட்டை அதுல ஓட்டிக் கேளுங்க. இரைச்சல் நின்னுட்டா அது சப்ளை விவகாரம், இங்க பேசலாம். நிக்கலைன்னா வீட்டு மெயின் சுவிட்சை ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணிப் பாருங்க. அப்பவும் நிக்கலைன்னா சங்கதி வீட்டுக்கு வெளியில இருக்கு.

கேள்வி (அம்மாப்பேட்டை): சார், 7 மெகாஹெர்ட்ஸுக்கு டைரக்ட் கன்வர்ஷன் ரிசீவர் கட்டியிருக்கேன். பேட்டரியில சுத்தமா இருக்கு. 7812 (12 வோல்ட் ரெகுலேட்டர்) போட்ட சொந்த சப்ளையில உர்ர்னு ஹம். ட்யூன் பண்றப்ப ஹம் கூடுது, குறையுது. கண்டன்சரை 2200-லிருந்து 10000 மைக்ரோஃபாரட் ஆக்கியும் அப்படியேதான் இருக்குங்க.

பதில்: பேட்டரியில போட்டுப் பாத்துட்டு வந்ததுக்கு நன்றி. விடை உங்க கேள்வியிலயே இருக்கு: ட்யூன் பண்ணா ஹம் மாறுது. சாதாரண ரிப்பிள், அதாவது டிசி மேல மிஞ்சற ஏத்த இறக்கம், அப்படி மாறாது, டயல் எங்க நின்னாலும் ஒரே அளவுல கேக்கும். இது வேற ஜாதி.

டைரக்ட் கன்வர்ஷன்ல ஆசிலேட்டர் ஓடறது நீங்க கேக்கற அதே அலைவரிசையில. அதுல கொஞ்சம் சப்ளை வயர் வழியா வெளிய கசிஞ்சு, டிரான்ஸ்பார்மரைத் தாண்டி வீட்டு வயரிங் முழுக்கப் பரவுது. நடுவுல பிரிட்ஜ் டையோடுங்க வினாடிக்கு 100 தடவை திறந்து மூடுது. கசிஞ்ச சிக்னல் அந்த 100 ஹெர்ட்ஸை ஏத்திக்கிட்டு ஆன்டெனா வழியா திரும்பி வருது. மிக்ஸர்ல அதே ஆசிலேட்டரோட கலந்தா மிஞ்சறது வெறும் 100 ஹெர்ட்ஸ், அதாவது ஹம். ரெகுலேட்டருக்கு இந்தப் பாதையில வேலையே இல்லை. கண்டன்சரை 1 லட்சம் ஆக்கினாலும் நிக்காது.

செய்ய வேண்டியது: பிரிட்ஜ்ல இருக்கற நாலு டையோடுக்கும், ஒவ்வொண்ணுக்கும் குறுக்கே ஒரு 0.01 மைக்ரோஃபாரட் செராமிக் டிஸ்க். 100 வோல்ட் ரேட்டிங் போதும், கடையில 1 கிலோவோல்ட் கிடைச்சா அதையே போடுங்க. கால்களை ஒட்ட வெட்டி, டையோடு மேலயே சாலிடர் பண்ணுங்க. இனி டையோடு திறந்தாலும் மூடினாலும் ஆர்எஃப்க்கு (ரேடியோ அலைவரிசை சிக்னலுக்கு) எப்பவும் ஒரே பாதைதான், 100 ஹெர்ட்ஸ் ஏற வழியில்லை. பாதி வழக்கு இதுலயே முடிஞ்சுடும்.

அடுத்து சோக், அதாவது வயர் வழியா ஆர்எஃப் ஓடறதைத் தடுக்கற சுருள். செட்டுக்குப் போற ப்ளஸ், மைனஸ் ரெண்டு வயரையும் சேர்த்துப் பிடிச்சு எஃப்டி240-31 அல்லது எஃப்டி240-43 ஃபெரைட் வளையத்துல 10-லிருந்து 12 சுத்து சுத்துங்க. செட்டுக்குப் பக்கத்துல இருக்கணும். மஞ்சள், சிவப்பு பெயின்ட் அடிச்ச இரும்புத்தூள் வளையம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இதுக்கு ஆகாது. வயர் மேல கவ்வற கிளிப் ஃபெரைட்ல வயரை ஒரு தடவை நுழைக்கறது 7 மெகாஹெர்ட்ஸுக்குப் பத்தாது. தடை, சுத்தோட வர்க்கமா ஏறும்: ஒண்ணை மூணாக்கினா சுமார் ஒன்பது மடங்கு.

இன்னும் மிச்சம் இருந்தா குத்தம் ஆன்டெனா மேல. ஜன்னல் வழியா நேரா உள்ள வர்ற ஒத்தை வயரா இருந்தா மாத்துங்க. வெளிய ரெண்டு கை டைபோல் ஆன்டெனா, அதையும் கேபிளையும் சேர்க்க ஒரு பேலன், உள்ள வர ஷீல்டு போட்ட கோஆக்ஸ் கேபிள். ஆசிலேட்டருக்கு ஒரு தகர டப்பா.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): 0-12, 2 ஆம்ப் டிரான்ஸ்பார்மர், 4700 மைக்ரோஃபாரட், 7812. பகல்ல நல்லா இருக்கு. சாயங்காலம் டிரான்ஸ்மிட் பண்ணா ஆடியோவுல ஹம் இருக்குன்னு எதிர்ல இருக்கறவர் சொல்றார். ரெகுலேட்டர் டூப்ளிகேட்டா சார்?

பதில்: ரெகுலேட்டரைத் திட்டாதீங்க, கணக்குப் போடுங்க. 12-ஐ 1.414-ஆல பெருக்கினா 17. பிரிட்ஜ்ல ரெண்டு டையோடு 1.4 தின்னுட்டா 15.6. ரிப்பிள் எவ்வளவுன்னா, கரண்டை 100-ஆலயும், ஃபாரட்ல எழுதின கண்டன்சர் மதிப்பாலயும் வகுக்கணும். 1 ஆம்ப், 4700-க்கு 2.1 வோல்ட். பள்ளத்துல நிக்கறது 13.5. 7812-க்கு உள்ள குறைஞ்சது 14, நிம்மதியா 14.5 வேணும். அதாவது லைன்ல 230 முழுசா இருக்கறப்பவே விளிம்புல தொங்குது. சாயங்காலம் 200-க்கு இறங்கினா ஒவ்வொரு பள்ளத்துலயும் ரெகுலேட்டர் கைவிட்டுடும், ரிப்பிள் அப்படியே வெளிய வரும்.

15 வோல்ட் டிரான்ஸ்பார்மர், 10000 மைக்ரோஃபாரட் போடுங்க. லைன் 190-க்கு இறங்கினாலும் பள்ளம் 15-க்குக் கொஞ்சம் மேலயே நிக்கும். கண்டன்சர் 35 வோல்ட் ரகம்தான், 25 கூடாது. லோடு இல்லாம லைன் 250 வந்தா கண்டன்சர்ல 25-ஐத் தாண்டிடும். இதுக்கு விலை சூடு: 230-ல 1 ஆம்ப் எடுத்தா 7812 மேல 7 வாட் எரியும். உள்ளங்கை அளவு ரெக்கை வச்ச ஹீட்சிங்க், மைக்கா, பேஸ்ட். உள்ள வர்ற காலுக்கு 0.33, வெளிய போற காலுக்கு 0.1 மைக்ரோஃபாரட், காலை ஒட்டியே. இதை விட்டா ரெகுலேட்டரே ஆசிலேட்டராகி பேண்ட் முழுக்க இரையும்.

டிரான்ஸ்மிட்ல 1 ஆம்பைத் தாண்டற செட்டுன்னா 7812-ஐ விட்டுட்டு இன்னும் பெரிய ரெகுலேட்டரான எல்எம்338-க்குப் போங்க, டிரான்ஸ்பார்மரும் அதுக்குத் தக்க பெருசாகணும்.

கேள்வி (நாகலூர், ஏற்காடு): சோலார்ல 24 வோல்ட் பேட்டரி இருக்குங்க அண்ணா. எல்எம்2596 மாட்யூல் (ஸ்விட்ச் பண்ணி வோல்டேஜைக் குறைக்கற போர்டு) வச்சு 12 ஆக்கிக்கறேன். 7.050 மெகாஹெர்ட்ஸ் பக்கமும் 7.200 பக்கமும் விசில்.

பதில்: 2596 ஓடறது 150 கிலோஹெர்ட்ஸ்ல. 150-ஐ 47-ஆல பெருக்குங்க, 7050. 48-ஆல, 7200. விசில் எங்க விழும்னு காகிதத்துலயே தெரியுது. ஒரிஜினல்லயே 127-லிருந்து 173 வரைக்கும் விலகல் உண்டு, சூடேற ஏற நகரவும் செய்யும். மலிவு மாட்யூல் நிறைய அந்தப் பேரை ஒட்டிக்கிட்டு 50 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஓடுது. அப்ப விசில் இன்னும் நெருக்கமா விழும்.

24 வோல்ட்டுக்காக வரிசையாக் கோர்த்த ரெண்டு 12 வோல்ட் பேட்டரியில ஒண்ணுல மட்டும் தட்டி எடுக்காதீங்க தம்பி, ஒண்ணு கூடவும் ஒண்ணு குறையவும் சார்ஜாகி ரெண்டும் கெடும். ரேடியோவுக்குத் தனியா ஒரு 12 வோல்ட் பேட்டரி. சோலார் கன்ட்ரோலரும் இரையும், அதனால பேசற நேரத்துல பேனல் லைனைப் பிரிச்சுடுங்க. முதல்ல பேனலை, அப்புறம்தான் பேட்டரியை. வரிசை மாறினா சில கன்ட்ரோலர் போயிடும்.

கேள்வி: எந்த கம்பெனி எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) நல்லது?

பதில்: கம்பெனிப் பேர் சொல்றதில்லை. கடையிலயே ஒரு பாக்கெட் ரேடியோவை மீடியம் வேவ்ல வச்சு, லோடு போட்ட சப்ளை பக்கத்துல காட்டுங்க. கத்துச்சுன்னா வச்சுட்டு வந்துடுங்க.

கேள்வி: ஹம் வருது, என்ன பண்ணலாம்?

பதில்: பேட்டரியில போட்டுப் பாத்தீங்களா?

கேள்வி (சூரமங்கலம்): எல்இடி போர்டுக்குப் போடற 12 வோல்ட் 10 ஆம்ப் எஸ்எம்பிஎஸ் வச்சிருக்கேன். ஹம் இருந்துச்சு. ப்ளக்ல எர்த் பின்னைக் கழட்டினேன், சுத்தமா நின்னுடுச்சு. எல்லாரும் செஞ்சு பாக்கலாம்.

பதில்: யாரும் செய்யாதீங்க. இன்னிக்கே திரும்ப மாட்டுங்க சார்.

அந்த டப்பாவுக்குள்ள ஃபேஸ்லிருந்து ஒண்ணு, நியூட்ரல்லிருந்து ஒண்ணுன்னு ரெண்டு ஒய் கண்டன்சர் (இரைச்சலை எர்த்துக்குக் கொட்டற கண்டன்சர்) பாடியில வந்து சேருது. எர்த் இல்லைன்னா பாடி பாதி லைன் வோல்டேஜ்ல, 115 பக்கம் மிதக்கும். டெஸ்டர் எரியும், கை பட்டா சுரீர்னும். ஒண்ணொண்ணும் 2.2 நானோஃபாரட்னா கசியறது 0.16 மில்லிஆம்ப். அது ஆளைக் கொல்லாது. ஆனா உள்ள ஒரு ஃபேஸ் வயர் உரசி பாடியைத் தொட்டா 230-ம் செட்டு பாடியில, மைக்ல, மோர்ஸ் கீயில நிக்கும். பியூஸும் போகாது, கரண்டு திரும்பிப் போகவே வழி இல்லையே.

சூரமங்கலம்: ஆனா ஹம் நின்னுச்சே சார்?

பதில்: நின்னது எர்த் லூப். பக்கத்துல லேப்டாப்பும் சார்ஜர்ல இருக்கா? டிஜிட்டல் மோடுக்கு (கம்ப்யூட்டர் வழியா செய்தி அனுப்ப) ஆடியோ கேபிள் போகுதா? செட்டுக்கு ஒரு எர்த், லேப்டாப்புக்கு இன்னொரு எர்த், நடுவுல ஆடியோ கேபிள் ஷீல்டு. வளையம் அங்க இருக்கு. 600 ஓமுக்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்பார்மர் ரெண்டு, போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு, கேபிளைப் பிரிச்சுப் போடுங்க. எல்லா ப்ளக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல. வளையத்தை ஆடியோவுல வெட்டணும், எர்த்துல வெட்டக் கூடாது. அதோட, எர்த் போனா ஒய் கண்டன்சர் இரைச்சலைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லை. அது உங்க கோஆக்ஸ் ஷீல்டு வழியா ஆன்டெனாவுக்குத்தான் போகும். ஹம் போச்சுன்னு சந்தோஷப்பட்டிருக்கீங்க, 7 மெகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் ஏறியிருக்கான்னு மீட்டரைப் பாருங்க.

ஆத்தூர்: எங்க பழைய வீட்டுல எர்த்தே கிடையாது. எலக்ட்ரீஷியன் சாக்கெட்ல நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு வயர்ல சேர்த்துட்டார். ஹம்மும் இல்லை, ஷாக்கும் இல்லை.

பதில்: இது முதல் ஆள் செஞ்சதை விட மோசம். எங்கயாவது நியூட்ரல் கழண்டா அந்த நிமிஷமே இப்படிச் சேர்த்த சாக்கெட்ல மாட்டின அத்தனை இரும்புப் பெட்டியும் ஃபேஸ் ஆகிடும். துண்டு வயரை இன்னிக்கே எடுக்கச் சொல்லுங்க.

மஞ்சக்குட்டை: சமவெளியில சொல்லிடுவீங்க. இங்க மலையில ரெண்டடி தோண்டினா பாறை. கரியும் உப்பும் போட்டும் எர்த் மீட்டர் 80 ஓமுக்குக் கீழ இறங்கலை. அப்புறம் எர்த் இருந்தா என்ன, இல்லைன்னா என்ன?

பதில்: இது நியாயமான கேள்வி. சேர்வராயன் மலை சார்னோக்கைட் பாறை, ஒத்தைக் கம்பியில நல்ல எர்த் எதிர்பார்க்க முடியாது. மண் ஆழமா இருக்கற இடமாத் தேடி ரெண்டு மூணு கம்பி, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல குறைஞ்சது கம்பி நீளத்துக்கு இடைவெளி, எல்லாம் சேர்த்து ஒரே வயர். உப்பு கம்பியைத் தின்னுடும், மழையிலயும் கரைஞ்சு போகும். பென்டோனைட் மண் போடுங்க, ஈரம் பிடிச்சு வைக்கும்.

80 ஓம்ல ஃபேஸ் பாடியைத் தொட்டா ஓடறது 3 ஆம்ப் கூட வராது, எம்சிபி (கரண்டு அதிகமானா விழற பிரேக்கர்) கண்டுக்காது. அதனால 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா விழற பிரேக்கர்) கட்டாயம். அது விழறதுக்கு 80 ஓம் தாராளம்: 30 மில்லிஆம்ப் போனா பாடியில ஏறறது 2.4 வோல்ட்தான். ஆர்சிசிபி இருக்குன்னு எர்த்தை விடக் கூடாது. எர்த் இல்லைன்னா அது விழ உங்க கை பாடியில படணும்.

சூரமங்கலம்: சரி சார், மாட்டிட்டேன். ஆடியோ டிரான்ஸ்பார்மர் வாங்கிக்கறேன்.

பதில்: நல்லது. எர்த் பத்தி இனி கேள்வி எடுக்கலை. பாதி நேரம் இதுலயே போச்சு.

கேள்வி (கொண்டலாம்பட்டி): விஎஃப்ஓவுக்கு (ட்யூன் பண்ற ஆசிலேட்டருக்கு) மட்டும் தனியா சுத்தமான 8 வோல்ட் வேணும். ஜீனர் டையோடு போதுமா?

பதில்: போதாது. 6 வோல்ட்டுக்கு மேல ஜீனர் அவலாஞ்ச்ல வேலை செய்யும், ஜீனரே ஒரு இரைச்சல் மெஷின். எல்எம்317 ரெகுலேட்டர் போடுங்க: வெளிய போற காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவுல 240 ஓம், அட்ஜஸ்ட்லிருந்து கிரவுண்டுக்கு 1.3 கிலோஓம். அட்ஜஸ்ட் காலுக்கு 10 மைக்ரோஃபாரட், இதை மறக்காதீங்க. ரிப்பிள் தடுக்கறது 65 டெசிபெல்லிருந்து 80-க்கு ஏறும். அந்தக் கண்டன்சர்ல இருக்கற சார்ஜ் பத்திரமா வெளியேற, அட்ஜஸ்ட்லிருந்து அவுட்புட்டுக்கு ஒரு 1என்4002, கோடு போட்ட பக்கம் அவுட்புட்ல.

அதுக்கு முன்னாடி ஒரு கெப்பாசிட்டன்ஸ் மல்டிப்ளையர் (கண்டன்சரைப் பல மடங்கு பெருசு மாதிரி வேலை செய்ய வைக்கற டிரான்சிஸ்டர் சர்க்கியூட்) வச்சா அமைதி இன்னும் கூடும். பிடி139 (BD139) டிரான்சிஸ்டர், கலெக்டர்லிருந்து பேஸுக்கு 1 கிலோஓம், பேஸ்லிருந்து கிரவுண்டுக்கு 470 மைக்ரோஃபாரட், அதுக்கு இணையா 10 கிலோஓம். 13.8 உள்ள போனா 50 மில்லிஆம்ப்ல 11.4 பக்கம் வெளிய வரும். அந்த 10 கிலோஓமை விட்டா, ரிப்பிள் பள்ளத்துல டிரான்சிஸ்டர் சாச்சுரேட் ஆகி ஹம் நேரா உள்ள நுழையும்.

கேள்வி: வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து நேரா எடுக்கலாமா?

பதில்: இன்வெர்ட்டர் சார்ஜ் பண்றப்ப எடுக்காதீங்க, வோல்டேஜ் 14-ஐத் தாண்டும், இரைச்சலும் ஏறும். இன்வெர்ட்டரைப் பிரிச்சுட்டு எடுக்கலாம். பியூஸ் இல்லாம வேண்டாம். 150 ஆம்ப்-அவர் பேட்டரி ஷார்ட் ஆனா வயர் உருகி வழியும்.

கேள்வி (வாழவந்தி): பேட்டரியில போட்டாலும், மெயினை ஆஃப் பண்ணாலும் டர்ர்னு சத்தம். மழை பெஞ்சா நின்னுடுது.

பதில்: காஞ்சா வந்து நனைஞ்சா போறது ஈபி லைன்ல லூசான இரும்புச் சாமான், இடுக்குல தீப்பொறி. பனியில வந்து காஞ்சா போறதுன்னா இன்சுலேட்டர் அழுக்கு. பாக்கெட் ரேடியோவை எடுத்துக்கிட்டு நடந்து எந்தக் கம்பம்னு பாருங்க. கம்பத்தைத் தொடாதீங்க, ஆட்டாதீங்க. நம்பரைக் குறிச்சு ஈபி ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க.

கேள்வி: சார், 7812 கை வைக்க முடியாம சூடாகுது, ஹம்மும் வருது. மாத்தணுமா?

பதில்: செவ்வாய்ப்பேட்டைக்காரருக்குப் போட்ட கணக்கைப் படிங்க. அதுக்கு முன்னாடி பேட்டரி.